வீட்டு ஜெபக்குழு: மூன்று குடும்பங்களோடு தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் சபையில் ஒரு பாட்டியம்மா இருந்தார்கள். ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும்போதே வந்து, பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் சுவரோரமாக உட்காருவார்கள். ஒரு வருடம் ஆகஸ்டு மாதம் தொடர்ந்து நான்கு ஞாயிறு அந்த இடம் காலியாகக் கிடந்தது. அவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மகள் வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்பது ஐந்தாவது வாரம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் காலி இடத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உள்ள சபையில் இப்படி நடந்துவிடுகிறது.

வீட்டு ஜெபக்குழு எதற்கு என்று யாராவது கேட்டால், இந்தப் பாட்டியம்மாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஒருவர் வரவில்லை என்றால் அந்த வாரமே அது யாருக்காவது தெரிய வேண்டும், தெரிந்தவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பாட்டும் வேதபாடமும் ஜெபமும் இதற்குள்தான் வருகின்றன. கீழே எழுதியிருப்பதெல்லாம் தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றில் பல வருடங்கள் குழு நடத்தியும் பிழை செய்தும் கற்றுக்கொண்டவை. உங்கள் சபையில் இதை ஏரியா ஜெபம் என்பார்கள், காட்டேஜ் பிரேயர் என்பார்கள், செல் குரூப் என்பார்கள். கத்தோலிக்கர்களிடம் அன்பியம் என்ற அழகான பெயர் இருக்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இது புதிதாக வந்த பழக்கம் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ரோமாபுரிக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல், பிரிஸ்கில்லாள் ஆக்கில்லா தம்பதியின் வீட்டிலே கூடிவருகிற சபையை வாழ்த்துகிறார். பிலிப்பியில் லீதியாள் வீடு, எருசலேமில் மாற்கின் தாயாகிய மரியாள் வீடு, இவையெல்லாம் விசுவாசிகள் கூடிய இடங்கள். 1670-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் ஸ்பேனர் என்ற போதகர் தன் வீட்டில் சிலரைக் கூட்டி வேதம் வாசிக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த பயட்டிசம் என்ற கிறிஸ்தவ பக்தி இயக்கத்தில், ஹாலே நகரில் உருவானவர்தான் 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் முதன்முதலில் அச்சேறியதற்குப் பின்னால் அந்த வீட்டுக் கூடுகையின் தொடர்ச்சி இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மக்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடுவீடாகப் போய் வசூலிப்பது என்று முடிவாயிற்று. வசூலிக்கப் போனவர்கள் பணத்தை மட்டும் பார்க்கவில்லை. இந்த வீட்டில் சண்டை, அந்த வீட்டில் குடி என்று உள்ளே நடப்பதையும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். இத்தனை நாள் நான் தேடிய வழி இதுதான் என்று வெஸ்லிக்குப் புரிந்தது. மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் அங்கிருந்து தொடங்கியது. வாசலில் போய் நின்றால்தான் வீடு தெரியும்.

முதலில் போதகரிடம் பேசுங்கள்

ஆர்வத்தில் நாலு பேரைக் கூட்டிவிட்டு அப்புறம் போதகரிடம் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் கூடிய குழு தனிச் சபையாகப் பிரிந்து போன கதை நம் ஊர்களில் நிறைய உண்டு. உங்கள் போதகர் தயங்கினால் அது பொறாமையால் அல்ல, அவர் கண்ணால் பார்த்திருப்பார். அந்தப் பயத்தை மதியுங்கள்.

ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். எந்தத் தெரு, எந்த மூன்று குடும்பங்கள், வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், எந்த வேதப்பகுதி, இவ்வளவு போதும். கூடவே மூன்று உறுதிகள் கொடுங்கள்: திருவிருந்தும் ஞானஸ்நானமும் ஆலயத்தில்தான், குழுவில் காணிக்கை எடுப்பதில்லை, ஞாயிறு ஆராதனை நேரத்திலோ சபையின் உபவாச ஜெப நாளிலோ கூடுவதில்லை. சபைக் கமிட்டியின் ஒப்புதல் வேண்டுமென்றால் அதையும் அவர் வழியாகவே வாங்குங்கள்.

"ஐயா, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து எங்களோடு உட்காருங்கள், அன்றைக்கு நீங்கள் பிரசங்கம் பண்ண வேண்டாம்" என்று நான் எங்கள் போதகரிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. வாரம் முழுவதும் பேசுகிறவருக்கு ஒரு மாலை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதும் ஓய்வுதான்.

இப்போதைக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் காத்திருங்கள். லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) முடிந்தபின் மறுபடியும் கேளுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் தொடங்கிய குழு பிறகு எவ்வளவு நன்றாக நடந்தாலும் அந்தக் கசப்பு போகாது.

மூன்று குடும்பங்கள், ஆறு வாரங்கள்

முதல் ஆறு வாரம் யாரையும் அழைக்காதீர்கள். மூன்று குடும்பங்கள் மட்டும் கூடுங்கள். அந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் சொந்தக்காரர்கள் அல்லாத குடும்பமாக இருக்க வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களைத் தேட வேண்டாம். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அக்கா, பொறுமையாகக் கேட்கிற ஒரு அண்ணன், இப்படிப்பட்டவர்களைத் தேடுங்கள். கஷ்டத்தில் இருக்கிற ஒரு குடும்பமும் தொடக்கத்திலேயே உள்ளே இருப்பது நல்லது. இல்லாவிட்டால் குழு வசதியானவர்களின் மாலைப் பொழுதாகிவிடும்.

இந்த ஆறு வாரத்தில் ஒரு வேலை உண்டு. சபைப் பட்டியலை வைத்துக்கொண்டு, பத்து நிமிட நடைதூரத்தில் இருக்கும் சபைக் குடும்பங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியவர்கள், புதிதாக வாடகைக்கு வந்தவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், எல்லோரையும். வாரம் நான்கைந்து பெயர்களாக எடுத்து ஜெபியுங்கள். அப்புறம் நேரில் போய் அழையுங்கள். ஆராதனை அறிவிப்பில் சொன்னால் எல்லோர் காதிலும் விழும், யாரும் தன்னை அழைத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "அக்கா, வியாழக்கிழமை ஏழு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வாசலில் நின்று சொல்வதற்கு ஈடு எதுவும் இல்லை.

வீடு, நாள், நேரம்

ஒரே வீட்டில் கூடலாமா, வீடுவீடாகச் சுற்றலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. முதல் மூன்று மாதம் ஒரே வீடு என்பது என் அபிப்பிராயம். எங்கே போக வேண்டும் என்ற குழப்பம் இருக்காது. பழகியபின் சுற்றில் விடுங்கள். மாடி வீடானால் முட்டிவலி உள்ளவர்கள் ஏற முடியுமா என்று பாருங்கள்.

நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காதீர்கள். எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. மாலையில் கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு வந்து, அடுப்பு வேலையை ஒதுக்கிவிட்டுத்தான் அவர்களால் உட்கார முடியும். நாங்கள் முதலில் ஆறு மணிக்கு வைத்தோம். வந்தவர்கள் அரசு வேலையில் இருந்தவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மட்டுமே. ஏழே காலுக்கு மாற்றிய வாரமே கூடம் நிறைந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மார்ச் மாதம் போகாதீர்கள்.

முடியும் நேரம் தொடங்கும் நேரத்தைவிட முக்கியம். எட்டரை என்றால் எட்டரைக்கு முடிந்தாக வேண்டும். தனியாக வீடு திரும்ப வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத கணவர் வீட்டிலிருந்து அனுமதி வாங்கி வருகிற சகோதரிகளும் இருக்கிறார்கள். நாம் அரைமணி நேரம் நீட்டினால் அடுத்த வாரம் அவர்களை அனுப்ப மாட்டார்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மைக் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், கூடத்துக்குள் உள்ள பத்துப் பேருக்குக் கேட்டால் போதும். செருப்பும் வண்டிகளும் அடுத்த வீட்டு வாசலை மறைக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு துக்கம் என்றால் அந்த வாரம் பாட்டே வேண்டாம், மெதுவாக ஜெபித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி.

எண்ணிக்கை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. பதினைந்தைத் தாண்டினால் பாதிப்பேர் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் குழு ஒரு சமயம் 22 பேரானபோது நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் காலத்தில்தான் ஒரு தம்பி வேலை போனதை எங்களிடம் சொல்ல இடம் கிடைக்காமல் மூன்று மாதம் மனதிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒன்றேகால் மணி நேரம்

ஏழே காலுக்குத் தொடங்கினால், முதல் பத்து நிமிடம் விசாரிப்புக்கு விடுங்கள். தண்ணீர் கொடுங்கள், வந்தவர்கள் மூச்சு வாங்கட்டும். பிறகு சிறு ஜெபம், இரண்டு பாட்டு. ஒரு கீர்த்தனை, ஒரு புதுப் பாட்டு என்று வைத்தால் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பாடலாம். கீபோர்டு தேவையில்லை.

அப்புறம் ஒரு சுற்று: போன வாரம் எப்படி இருந்தது? ஆளுக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். "கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கோம்" என்றுதான் முதலில் எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யில்லை, பழக்கம். நீங்கள் முதலில் உங்கள் வாரத்தை உள்ளபடி சொல்லுங்கள். மகனோடு வாக்குவாதம் வந்தது, செவ்வாய்க்கிழமை முழுவதும் ஜெபிக்கவே தோன்றவில்லை, இப்படி. தலைவர் சொன்னால்தான் மற்றவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு இது கைவர ஏழெட்டு மாதம் ஆயிற்று.

வேதபாடம் முப்பது நிமிடம், விண்ணப்பங்களும் ஜெபமும் இருபது நிமிடம். ஆசீர்வாத ஜெபத்தை வீட்டில் மூத்தவரிடம் சொல்லச் சொல்லுங்கள். படிப்பறிவு இல்லாத ஒரு அம்மா அந்த வேலையை எங்கள் குழுவில் செய்தார்கள். அவர்கள் ஜெபத்துக்காகவே சிலர் வந்தார்கள்.

சிறு பிள்ளைகளை என்ன செய்வது? பாட்டு வரை எல்லோரோடும் இருக்கட்டும். பிறகு பக்கத்து அறையில் இருவர் அவர்களோடு இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று ஒருவரை மட்டும் தனியாக விடாதீர்கள், அவர் யாராக இருந்தாலும்.

வேதபாடத்தை எப்படித் தயாரிப்பது

குழுத் தலைவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஞாயிறு பிரசங்கத்தைப் போல ஒன்றை வீட்டில் செய்ய முயல்கிறோம். நாற்பது நிமிடம் நாமே பேசுகிறோம், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். பிரசங்கம் கேட்க ஆலயம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து வேதத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் தயாரிக்க வேண்டியது ஐந்து கேள்விகள்.

தொடக்கத்துக்குச் சின்னப் புத்தகங்களை எடுங்கள். ரூத் நான்கு அதிகாரம், பிலிப்பியர் நான்கு, யாக்கோபு ஐந்து. வாரம் அரை அதிகாரம் போதும். மாற்கு சுவிசேஷம் பதினாறு அதிகாரம், அதை ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். வெளிப்படுத்தின விசேஷத்தை முதல் வருடம் தொடவே தொடாதீர்கள்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாற்கு 2-ஆம் அதிகாரம், முதல் 12 வசனங்கள். திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கிய ஒருவனை, நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கிய சம்பவம். இதுவே ஒரு வீட்டுக் கூட்டம். வாசலுக்கு முன்னும் இடமில்லாமல் ஜனம் நிற்கிறது. பகுதியை இரண்டு முறை வாசியுங்கள், இருவர் வாசிக்கட்டும். பிறகு நான் கேட்ட கேள்விகள் இவை:

1. இந்த வீட்டுக்குள்ளும் வெளியிலும் யார் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.
2. நோயாளியும் அவனைச் சுமந்த நால்வரும் பேசிய வார்த்தை ஏதாவது எழுதியிருக்கிறதா?
3. "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. யாருடைய விசுவாசம்? அது எப்படிக் கண்ணுக்குத் தெரிந்தது?
4. நடக்க முடியாமல் வந்தவனிடம் இயேசு முதலில் மன்னிப்பைப் பேசுகிறார். அங்கே நின்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?
5. உங்களைச் சுமந்தவர்கள் யாராவது உண்டா? இப்போது நாம் சுமக்க வேண்டியவர் யார்?

முதல் கேள்விக்குப் பிள்ளைகூடப் பதில் சொல்லலாம். அதுதான் நோக்கம். ஒரு முறை வாய் திறந்தவர் இரண்டாம் முறை திறப்பார். இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் வேதத்தைப் புரட்டித் தேடினார்கள், ஒரு வார்த்தையும் இல்லை என்று கண்டபோது அறை அமைதியானது. கடைசிக் கேள்விக்கு, ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன், கொரோனா சமயத்தில் தனக்கு வீட்டு வாடகை கட்டியவர் இதே அறையில் இருக்கிறார் என்று சொல்லி அழுதார். கட்டியவர் தலை குனிந்துகொண்டார். அன்றைக்கு நான் மொத்தமாக ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

கேள்வி கேட்டுவிட்டு யாரும் பேசாவிட்டால் பயப்படாதீர்கள். மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுங்கள். நாமே பதில் சொல்லிவிட்டால் இனி இவர் சொல்லிவிடுவார் என்று எல்லோரும் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். யாராவது தவறான பதில் சொன்னால், "வசனத்தில் அது எங்கே இருக்குன்னு பார்ப்போமா?" என்று கேட்டால் போதும். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், போதகரிடம் கேட்டு அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள். சொன்னபடி சொல்லவும் வேண்டும்.

பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கும்போது இளையவர்களுக்குப் புரியாத சொற்கள் வரும். எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாதவர் இருக்கும் குழுவில், சுற்றி வந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்கும் வழக்கம் வேண்டாம். தன் முறை வரும்போது அவர் படும் பாடு நமக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவர் வர மாட்டார்.

விண்ணப்பங்களும் இரகசியமும்

ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஊர்க்கதை நுழைந்துவிடும். "அந்த வீட்டுப் பொண்ணுக்காக ஜெபிச்சுக்குங்க, என்ன நடந்துச்சுன்னா" என்று ஒருவர் தொடங்கினால் அங்கேயே அன்போடு நிறுத்துங்கள். அவரவர் தன் காரியத்தைச் சொல்லலாம். பிறர் காரியத்தை அவர் அனுமதியோடு மட்டும் சொல்லலாம். இங்கே சொன்னது இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பதை முதல் நாளும், புதியவர் வரும் ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள்.

இதில் எனக்கு ஒரு வடு இருக்கிறது. ஒரு சகோதரி தன் மகளின் திருமண வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதை நான் இன்னொரு குழுவில், பெயர் சொல்லாமல், ஜெபத்தில் வைத்தேன். பெயர் இல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார்கள். ஆனாலும் அந்தச் சகோதரி திரும்பவும் மனம் திறந்து பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

வாட்ஸாப் குழு வைத்தால் நேரம், இடம், அவசர விண்ணப்பம் ஆகியவற்றுக்கு மட்டும். நோயாளியின் படம் போட வேண்டாம். வந்ததையெல்லாம் பகிரும் பழக்கத்துக்கு இடம் கொடுத்தால் ஒரு மாதத்தில் எல்லோரும் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

விண்ணப்பங்களை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து, "அண்ணே, அந்த ஸ்கேன் ரிப்போர்ட் என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்கும்போது, தனக்காக உண்மையிலேயே ஜெபித்தார்கள் என்று அவருக்குத் தெரியும்.

சில மனிதர்கள், சில சங்கடங்கள்

நிறையப் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். எல்லோர் முன்னும் அவரை வெட்டாதீர்கள். தனியாகப் போய், "அண்ணே, அந்தத் தம்பி பேசவே மாட்டேங்கிறான், நீங்க கொஞ்சம் அவனைப் பேச வைங்க" என்று ஒரு வேலையாகக் கொடுங்கள். பெரும்பாலும் பலிக்கும். பேசாதவரை வற்புறுத்த வேண்டாம், வருவதே அவருக்குப் பெரிய காரியமாக இருக்கலாம். எழுந்து நின்று தீர்க்கதரிசனம் சொல்கிறவர் வந்தால், குறிப்பாக இன்னார் வீட்டில் இன்ன பாவம் என்று சொன்னால், அதைப் போதகரிடம் கொண்டுபோங்கள். சபைத் தேர்தல் பேச்சு வாசலுக்கு வெளியே நிற்கட்டும். தேர்தல் சமயத்தில் எந்த அணிக்கும் குழுவை வைத்து ஓட்டுக் கேட்க விடாதீர்கள், நீங்கள் ஆதரிக்கிற அணியாக இருந்தாலும்.

பணம் பற்றி ஒரே வார்த்தை. குழுவுக்குள் கடன், சீட்டு, பொருள் விற்பனை எதுவும் வேண்டாம். ஒருவருக்கு உண்மையான தேவை என்றால், விரும்புகிறவர்கள் திரும்பி வராத பணமாகக் கொடுங்கள், அல்லது சபையின் உதவி நிதிக்குச் சொல்லுங்கள்.

தேநீரும் பலகாரமும்

இதை மிகச் சின்ன விஷயமாக நினைத்தேன். எங்கள் முதல் குழு கிட்டத்தட்ட உடைந்தது இதில்தான். முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும். இரண்டாம் வீட்டில் கேசரியும் வடையும். நான்காம் வீட்டில் இடியாப்பமும் கோழிக் குழம்பும். ஐந்தாவது வீட்டு அக்கா, "எங்க வீடு சின்னது, வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். வீடு சின்னது என்பது காரணமில்லை என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் பிடித்தது. அதன்பின் ஒரு விதி வைத்தோம்: சுக்குக் காப்பி அல்லது டீ, அதோடு சுண்டல் அல்லது வேர்க்கடலை. எந்த வீடானாலும் இதுதான். பிறந்தநாளுக்குக்கூட விதிவிலக்கு இல்லை.

இதைவிட ஆழமான ஒன்று இருக்கிறது, மறைத்து எழுத எனக்கு மனமில்லை. நம் சபைகளில் சாதி இருக்கிறது. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, ஒருவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆலயத்தில் அது வெளியே தெரியாது, வீட்டுக் கூடுகையில் தெரிந்துவிடும். எந்த வீட்டுச் சுற்றுக்கு யார் "உடம்பு சரியில்லை" என்று நின்றுவிடுகிறார்கள் என்று கவனியுங்கள். சுற்றில் எல்லா வீடும் வர வேண்டும், தலைவர் அந்த வீட்டில் முதல் ஆளாக வாங்கிக் குடிக்க வேண்டும். வராதவரிடம் தனியாகப் போய் நேராகவே கேளுங்கள். ஒரு குடும்பம் எங்கள் குழுவை விட்டுப் போயிற்று. வருத்தம்தான். அந்த வீட்டைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு அவர்களைத் தக்கவைத்திருந்தால், நாங்கள் சொந்தபந்தம் கூடும் கூட்டமாகியிருப்போம்.

ஜெபத்தோடு நிறுத்தக் கூடாதவை

மனம் திறந்து பேசும் இடத்தில் பாரமான செய்திகளும் வரும். கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், "பொறுத்துக்கோ, ஜெபி" என்று அனுப்பாதீர்கள். அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று முதலில் கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது 2012-ன் போக்சோ சட்டப்படி கட்டாயம். சபையின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணும், தமிழ்நாட்டின் 104 எண்ணும் இருக்கின்றன. மருந்து சாப்பிடுகிறவர்களிடம், விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று யாரும் சொல்லக் கூடாது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் மாத்திரைக்கு எது பொருந்துமோ, அது மனநோய் மாத்திரைக்கும் பொருந்தும்.

இவற்றைத் தனியாகத் தூக்க முயலாதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிட்டுப் போதகரிடம் பேசுங்கள். அந்தப் பெண்ணோடு உட்கார ஒரு மூத்த சகோதரியை வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழனுக்கும் வியாழனுக்கும் நடுவில்

குழுவின் உண்மையான வேலை மற்ற ஆறு நாட்களில் இருக்கிறது. கூடுகை முடிந்த இரவே நோட்டில் வந்தவர் பெயர்களைக் குறியுங்கள். வராதவருக்கு மறுநாள் ஒரு போன். "ஏன் வரலை?" என்று கேட்க வேண்டாம், "நேத்து உங்களைத் தேடினோம்" என்று சொல்லுங்கள். இரண்டு வாரம் வராவிட்டால் நேரில் போங்கள். இதை நீங்களே எல்லோருக்கும் செய்ய முடியாது. ஆளுக்கு இரண்டு குடும்பம் என்று பகிர்ந்து கொடுங்கள். எகிப்திலிருந்து வந்த ஜனத்தைத் தனியாக விசாரித்து மோசே தளர்ந்துபோனபோது, பத்துப் பேருக்கு ஒரு தலைவரை வை என்று அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன யோசனை இதுதான்.

ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு, பிரசவமான வீட்டில் மூத்த பிள்ளையைப் பள்ளியில் விடுவது, துக்க வீட்டில் மூன்றாம் நாளுக்குப் பிறகும் போய் உட்காருவது, இவை எங்கள் குழுவை எந்த வேதபாடத்தையும்விட அதிகமாகச் சேர்த்துக் கட்டின.

தனிக்குடித்தனம் வைக்கும் நேரம்

முதல் மாதத்திலிருந்தே உங்களுக்கு ஒரு துணைத் தலைவர் வேண்டும். நாலு வாரத்தில் ஒரு வாரம் அவர் நடத்தட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். திருத்த வேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள். ஆண்தான் நடத்த வேண்டும் என்று நினைக்காதீர்கள். பிரிஸ்கில்லாள் பெயரை ஆக்கில்லாவுக்கு முன்னே வைத்துத்தான் பவுல் ரோமருக்கு எழுதுகிறார்.

ஆட்கள் பதினைந்தைத் தாண்டி, துணைத் தலைவரும் பழகியபின் குழு இரண்டாக வேண்டும். இதைப் பிரிப்பது என்று சொன்னால் எல்லோரும் கலங்குவார்கள். நாங்கள் தனிக்குடித்தனம் வைப்பது என்று சொன்னோம். மகனுக்குக் கல்யாணமாகித் தனி வீடு பார்த்துக் கொடுக்கும்போது தாய் அழுவாள், அடுப்பும் பாத்திரமும் வாங்கிக் கொடுத்துப் பால் காய்ச்சவும் வருவாள். அப்படித்தான் இதுவும். மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். யார் எந்தக் குழு என்பதை வீட்டு தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள், விருப்பத்துக்கு விட்டால் எல்லோரும் பழைய தலைவரோடே நிற்பார்கள். மாதம் ஒரு முறை இரண்டு குழுவும் சேர்ந்து கூடலாம்.

குழு வளராமல் சுருங்கினால் அதையும் மூடி மறைக்க வேண்டாம். நான்கு பேர் உண்மையாகக் கூடினால் தொடருங்கள். தலைவர் வீட்டார் மட்டுமே மிஞ்சினால் போதகரிடம் சொல்லி, நன்றி ஜெபத்தோடு முடித்து, இருப்பவர்களைப் பக்கத்துக் குழுவில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் முதல் தனிக்குடித்தனத்தன்று நோட்டிலிருந்த பெயர்களை இரண்டாகப் பிரித்துப் புது நோட்டில் எழுதி, துணைத் தலைவியாக இருந்த அக்காவிடம் கொடுத்தோம். அந்தப் பாட்டியம்மா பெயரும் அதில் போயிற்று. இடுப்பு சரியாகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். மகள் வீடு புதுக் குழுவின் தெருவில்தான். அடுத்த வியாழன் நான் அங்கே போகவில்லை, முதல் வாரம் பழைய தலைவர் போகக் கூடாது என்பது போதகர் சொன்ன யோசனை. எட்டே முக்காலுக்கு அக்காவின் போன் வந்தது. "பன்னிரண்டு பேர் வந்தாங்க, ரெண்டு பேர் வரலை. நாளைக்குக் காலையில பாட்டியம்மா ஒருத்தங்களைப் பார்க்கப் போறாங்க, நான் இன்னொருத்தங்களை."